பெண்கள் கடைக்குப் போகாவிட்டால் சம்பளம் சமமாகுமா?

"பெண்கள் எல்லோரும் ஒரே ஒரு நாள் எதையும் வாங்காமல் இருந்து காட்டட்டும், நிறுவனங்கள் தானாக வழிக்கு வரும்." சில வருடங்களுக்கு ஒருமுறை இந்தப் பேச்சு எங்காவது கிளம்பிவிடும். வேலையிடத்தில் சம ஊதியம் வேண்டும், பதவி உயர்வில் பாகுபாடு கூடாது, இதற்காகக் கடைகளைப் புறக்கணிப்போம் என்று அறிவிப்பு வரும். உடனே ஒரு கூட்டம், வீட்டுச் செலவில் 80 சதவீதத்தைப் பெண்கள்தான் தீர்மானிக்கிறார்கள் என்று கணக்குச் சொல்லும். இன்னொரு கூட்டம், இன்றைக்கு வாங்காததை நாளைக்குச் சேர்த்து வாங்கப்போகிறார்கள், இதில் போராட்டம் எங்கே இருக்கிறது என்று சிரிக்கும்.

அந்த 80 சதவீதத்தை முதலில் பார்த்துவிடலாம். எல்லோரும் சொல்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்று யாரும் காட்டுவதில்லை. கடைக்குப் போவது யார், எதை வாங்குவது என்று முடிவு செய்வது யார், பணம் யாருடையது என்ற மூன்று கேள்விகளையும் அது ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. பெண்கள் வாங்குவதை நிறுத்தினால் கடைகளுக்கு உறைக்கும் என்பது உண்மைதான். அதைச் சொல்ல இந்த எண் தேவையில்லை.

இரண்டு தரப்பும் சறுக்குவது வேறோர் இடத்தில். "கடைப் புறக்கணிப்பு" என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு வெவ்வேறு காரியங்களைப் போட்டுப் பேசுகிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் எது வேலை செய்யும், எது செய்யாது என்பது ஓரளவு தெளிவாகும்.

கேட்பது என்ன?

வேலையிடச் சமத்துவம் என்று பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன.

ஒன்று, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். இது எல்லோருக்கும் புரிவது. அமெரிக்காவில் 1963லும் பிரிட்டனில் 1970லும் இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

இரண்டாவது, சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம். வேலைகள் வேறு வேறாக இருந்தாலும், அவற்றுக்குத் தேவையான திறமை, உழைப்பு, பொறுப்பு ஆகியவை ஒப்பானவை என்றால் ஊதியமும் ஒப்பாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கை 1951லேயே இதைச் சொல்லிவிட்டது. சொல்வது சுலபம். பிரிட்டனின் ஆஸ்டா பல்பொருள் அங்காடி வழக்கைப் பாருங்கள். கடையில் பில் போடுகிற, அலமாரி அடுக்குகிற ஊழியர்களில் பெரும்பாலோர் பெண்கள். சரக்குக் கிடங்கில் பெட்டி இறக்கி ஏற்றுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கிடங்கில் சம்பளம் அதிகம். எங்கள் வேலை அதைவிட எந்த விதத்தில் குறைந்தது என்று கடை ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். இரண்டு வேலைகளையும் ஒப்பிடலாமா கூடாதா என்ற முதல் கேள்வியே உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பிடலாம் என்று 2021இல் தீர்ப்பு வந்தது. மதிப்பு சமமா என்பது அதற்கு அடுத்த கட்டம்.

மூன்றாவது, ஊதிய இடைவெளி. ஒரு நிறுவனத்திலோ நாட்டிலோ வேலை செய்கிற எல்லா ஆண்களின் சம்பளத்துக்கும் எல்லாப் பெண்களின் சம்பளத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் இது. தனித்தனி வேலையைப் பற்றி இது எதுவும் சொல்லாது. எந்தப் பதவியில் யார் இருக்கிறார்கள், யார் பகுதிநேரம் வேலை பார்க்கிறார்கள், பிள்ளை பிறந்த பிறகு யாருடைய சம்பளம் தேங்கிப்போகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் இந்த எண்ணாக வெளியே தெரிகிறது.

இவற்றில் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து, அதைக் கொடுக்கக்கூடியவர் மாறுகிறார். முதல் இரண்டையும் ஒரு நிறுவனமே நினைத்தால் சரிசெய்யலாம். மூன்றாவதில் சட்டம், குழந்தைக் காப்பகம், மகப்பேறு விடுப்பு என்று அரசும் உள்ளே வந்துவிடுகிறது.

அடைப்பதும் திருப்பிவிடுவதும்

ஒரு வாய்க்காலை ஒரு நாள் மண் போட்டு அடைக்கிறீர்கள். தண்ணீர் எங்கும் போய்விடாது, மேலே தேங்கி நிற்கும். மறுநாள் மண்ணை எடுத்தால் நேற்றைய தண்ணீரும் சேர்ந்து அதே வயலுக்குப் பாயும். அடைக்காமல் பக்கத்து வயலுக்குத் திருப்பிவிட்டால்தான் முதல் வயல் காயத் தொடங்கும்.

கடையில் பணம் போவதும் இப்படித்தான். ஒரு நாள் மட்டும் வாங்காமல் இருப்பது, வாங்குவதைத் தள்ளிவைப்பது. ஒரு குறிப்பிட்ட கடையை விட்டு வேறு கடைக்குப் போவது, பணத்தைத் திருப்பிவிடுவது. பெட்ரோல் விலையை எதிர்த்து 2007 மே 15 அன்று யாரும் பெட்ரோல் போடாதீர்கள் என்று அமெரிக்காவில் மின்னஞ்சல் சுற்றியது. அன்று போடாதவர்கள் 14ஆம் தேதியோ 16ஆம் தேதியோ போட்டுக்கொள்ளலாம். வண்டி ஓட்டுவதை யாரும் குறைக்காதபோது எண்ணெய் நிறுவனத்துக்கு என்ன நஷ்டம்?

ஒரு நாள் புறக்கணிப்பைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். ஒரு கடையின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஒரு நாள் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது மிகப் பெரிய வெற்றி. அவர்கள் அன்று வாங்க வேண்டியதில் பத்தில் ஒன்பது பங்கை அந்த வாரத்திலேயே அதே கடையில் வாங்கிவிட்டால், கடை உண்மையில் இழப்பது ஆண்டு விற்பனையில் 10,000க்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை. ஒரு மழை நாளில் இதைவிட அதிகம் போகும்.

நீண்ட நாள் திருப்பிவிடுவதன் கணக்கு வேறு. 100க்கு விற்கிற கடையில் சரக்கு வாங்கிய செலவு 70, வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாம் 27, லாபம் 3 என்று கொள்வோம். மளிகை வியாபாரத்தில் லாபம் இப்படி மெலிதாகத்தான் இருக்கும். விற்பனை 5 சதவீதம் குறைந்து 95 ஆகிறது. சரக்குச் செலவும் 66.5 ஆகக் குறையும். ஆனால் வாடகையும் மின்சாரமும் குறையாது, சம்பளத்திலும் கைவைக்கவில்லை என்றால் அந்த 27 அப்படியே நிற்கும். மிச்சம் 1.5. விற்பனையில் இருபதில் ஒரு பங்கு போனதற்கு லாபத்தில் பாதி காலி. எல்லோரும் வராமல் போக வேண்டும் என்ற அவசியம் இல்லை. நூறில் ஐந்து பேர் பல மாதங்களுக்கு உறுதியாக வேறு கடைக்குப் போனால் போதும்.

சுருக்கமாக, கூட்டத்தின் அளவைவிட எத்தனை நாள் என்பதும், பணம் வேறு இடத்துக்குப் போகிறதா என்பதும்தான் கடையை உறுத்தும்.

ஒரு தெரு, ஒரு கடை, ஒரு கோரிக்கை

வேலைவாய்ப்பில் பாகுபாட்டை வாங்குபவர்கள் உடைத்த கதைகளில் எனக்கு மிகவும் உபயோகமாகப் படுவது 1930களின் அமெரிக்காவில் நடந்தது. "வேலை கொடுக்காத இடத்தில் வாங்காதே" என்பது கோஷம். கருப்பினத்தவர் வசிக்கும் பகுதிகளில் அவர்களிடமே வியாபாரம் செய்துகொண்டு, கல்லாவிலும் விற்பனை மேசையிலும் வெள்ளையர்களை மட்டுமே வைத்திருந்த கடைகளுக்கு எதிராக சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று பல ஊர்களில் இது பரவியது. டெட்ராய்ட்டில் 1930இல் ஃபானி பெக் தொடங்கிய இல்லத்தரசிகள் சங்கம் இதை வீடு வீடாகக் கொண்டுபோனது.

நியூயார்க்கின் ஹார்லெமில் 125ஆம் தெருவில் புளூம்ஸ்டீன் என்ற பெரிய கடை. வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தவர், விற்பனைப் பெண்களில் ஒருவர்கூட இல்லை. 1934 கோடையில் கடை வாசலில் மறியல் தொடங்கியது. கருப்பினப் பெண்களை விற்பனையாளர்களாக எடு என்பது கோரிக்கை. சில வாரங்களில் கடை இறங்கிவந்தது.

இதில் எல்லாம் பொருந்தி நிற்கின்றன. நஷ்டப்படுகிறவரும் வேலை கொடுக்கிறவரும் ஒரே ஆள். கேட்பதை எண்ணிப் பார்க்க முடியும்: மேசைக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எந்த வாடிக்கையாளரும் உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். வாங்க வேறு கடைகளும் இருந்தன. அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். நிறம் வெளுத்த பெண்களாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று புகார் கிளம்பி, போராடியவர்களுக்குள்ளேயே பிளவு வந்தது. வேலை கிடைத்தால் போதுமா, யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்ற சண்டை அது. வெற்றி பெற்ற புறக்கணிப்புகளும் இப்படித்தான், பாதி சந்தோஷத்தில் முடியும்.

இலக்கு தப்பினால்

இதற்கு நேர் எதிரான ஒன்று 1970களின் கடைசியில் நடந்தது. பால் அடிப்படையில் உரிமை மறுக்கக் கூடாது என்ற சம உரிமைத் திருத்தத்தை அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்க 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1977இல் 35இல் வந்து நின்றுவிட்டது. ஒப்புதல் தராத மாநிலங்களில் யாரும் மாநாடு நடத்தாதீர்கள் என்று தேசியப் பெண்கள் அமைப்பு அழைப்பு விடுத்தது. சங்கங்கள் பல தங்கள் மாநாடுகளை வேறு மாநிலங்களுக்கு மாற்றின. சிகாகோ, கான்சாஸ் சிட்டி, நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களின் ஓட்டல்கள் உண்மையாகவே வியாபாரம் இழந்தன. கடுப்பான மிசூரி மாநிலம் அந்த அமைப்பின் மேல் வழக்கே போட்டது. அரசியல் நோக்கத்துக்காகச் செய்யும் புறக்கணிப்பு தப்பில்லை என்று 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

வலித்தது, சட்டமும் அனுமதித்தது. ஆனாலும் 1982இல் கெடு முடிந்தபோது ஒரு மாநிலம்கூடக் கூடவில்லை. திருத்தத்தின் மேல் சட்டமன்றத்தில் ஓட்டுப் போடும் அதிகாரம் ஓட்டல்காரருக்கு இல்லை. சட்டமன்றத்தில் எதிர்த்து நின்ற உறுப்பினரின் தொகுதியில் மாநாட்டு ஓட்டலே இருக்காது. அடி விழுந்தது ஓரிடம், முடிவு எடுக்கப்பட்டது வேறிடம்.

1970 ஆகஸ்ட் 26 அன்று அமெரிக்காவில் நடந்த பெண்கள் சமத்துவ வேலைநிறுத்தத்திலும் இந்தக் கோளாறு சின்ன அளவில் இருந்தது. வேலையிலும் கல்வியிலும் சம வாய்ப்பு, குழந்தைக் காப்பகம் போன்றவை கோரிக்கைகள். ஊர்வலம் பிரம்மாண்டமாக நடந்தது. கூடவே ஒரு பத்திரிகை, ஒரு சிகரெட், ஒரு பாத்திரம் கழுவும் திரவம், ஒரு ஸ்பிரே என்று நான்கு பொருட்களை வாங்காதீர்கள் என்றும் சொன்னார்கள். காரணம், அவை பெண்களை இழிவாகக் காட்டுகின்றன என்பது. நியாயமான கோபம். ஆனால் விளம்பரத்துக்கும் காப்பகத்துக்கும் பாலம் ஏது?

பில் மேசையிலிருந்து முடிவெடுக்கும் அறை வரை

நிறுவனம் பணிவது விற்பனை குறைவதால் மட்டும்தானா? புறக்கணிப்புகளை ஆராய்ந்த சமூகவியலாளர் பிரேடன் கிங் சொல்வது சுவாரசியமானது. ஊடகங்களில் பேசப்பட்ட புறக்கணிப்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஏதாவது ஒரு சலுகையைப் பெறுகிறது. அப்படிப் பெறுவதற்கு முக்கியக் காரணம் விற்பனைச் சரிவைவிட நற்பெயருக்கு வரும் ஆபத்துதான். செய்தி வரும், முதலீட்டாளர் கேள்வி கேட்பார், ஏற்கெனவே பெயர் கொஞ்சம் கெட்டிருக்கும் நிறுவனம் சீக்கிரம் பயப்படும்.

இப்படிப் பார்த்தால், விற்பனையை அசைக்காத ஒரு நாள் புறக்கணிப்பும் முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. அதை ஊர்வலத்தோடு சேர்த்து எண்ண வேண்டும். கவனம் ஈர்ப்பது அதன் வேலை. கல்லாப்பெட்டியைக் காலி செய்யும் என்று அதை விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

விற்பனை நிஜமாகவே குறைந்தாலும் காரணத்தைப் பிரித்தெடுப்பது கடினம். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகள், பணியிடத்தில் பன்மைத்தன்மை, சமவாய்ப்பு சார்ந்த திட்டங்களைச் சுருக்கின. புறக்கணிப்பு அழைப்புகள் வந்தன, அடுத்த காலாண்டில் விற்பனை விழுந்தது. அந்தத் திட்ட மாற்றத்துக்கு எழுந்த எதிர்வினையும் ஒரு காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆனால் நுகர்வோர் நம்பிக்கைக் குறைவு, இறக்குமதி வரி என்று மற்றக் காரணங்களும் அதே பட்டியலில் இருந்தன. எவ்வளவு எதனால் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

வாங்காமல் இருப்பதும் வேலைக்குப் போகாமல் இருப்பதும்

இந்த விவாதத்தில் ஐஸ்லாந்தை இழுக்காதவர்கள் இல்லை. 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலகத்திலும் வீட்டிலும் வேலை செய்யாமல் விடுப்பு எடுத்தார்கள். மீன் பதப்படுத்தும் ஆலைகள் நின்றன, பள்ளிகள் மூடின. அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் ஆண், பெண் சம உரிமைச் சட்டம் வந்தது.

பெண்களின் கடைப் புறக்கணிப்புக்கு இதை உதாரணம் காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அன்றைக்குக் கடைகளில் சாசேஜ் தீர்ந்துபோனது. சமைக்கத் தெரியாத அப்பாக்களுக்குச் சட்டென்று வேகும் சாப்பாடு வேண்டியிருந்தது. பெண்கள் அங்கே நிறுத்தியது உழைப்பை. உழைப்பைத் தேக்கிவைக்க முடியாது. இன்றைக்குச் சொல்லித்தராத பாடமும் பார்த்துக்கொள்ளாத குழந்தையும் இன்றைக்கே பள்ளமாகத் தெரியும்.

2017 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் "பெண் இல்லாத ஒரு நாள்" அறிவித்தவர்கள் இரண்டையும் சேர்த்தார்கள். வேலைக்குப் போகாதீர்கள், வாங்காதீர்கள், சிவப்பு உடுத்துங்கள். சிறு கடைகளிலும் பெண்கள், சிறுபான்மையினர் நடத்தும் கடைகளிலும் வாங்கலாம் என்று விலக்கும் கொடுத்தார்கள். செய்தியில் நின்றது எது? வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா போன்ற சில ஊர்களில் ஆசிரியைகள் பலர் விடுப்புக் கேட்டதால் பள்ளிகளையே மூடினார்கள், அது. அன்று யார் எதை வாங்கவில்லை என்பது யாருக்கும் நினைவில்லை.

அதே சமயம், விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்களால் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. வாங்காமல் இருப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கடைப் புறக்கணிப்பின் பக்கம் இருக்கும் வலுவான வாதம் இதுதான் என்று நினைக்கிறேன். எதிர்ப்பவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

அடி யார் மேல்?

எதிர்ப்பவர்களின் வலுவான வாதத்தையும் பார்க்கலாம். பெரிய கடைகளில் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்களின் ஷிப்ட், எதிர்பார்க்கும் விற்பனையை வைத்துத்தான் போடப்படுகிறது. கூட்டம் குறையும் என்று தெரிந்தால் மேலாளர் முதலில் தொடுவது வாடகையை இல்லை, அதைத் தொட முடியாது. மதியத்தோடு நீ கிளம்பலாம் என்று பில் மேசையில் இருப்பவரிடம் சொல்வார். அவர் பெரும்பாலும் பெண். தலைமை அலுவலகத்தில் ஊதிய அடுக்கை வடிவமைக்கிறவருக்கு அந்த மாதமும் முழுச் சம்பளம் வந்துவிடும்.

அதனால்தான் அந்த நிறுவனத்தின் ஊழியர்களோ அவர்களுடைய சங்கமோ கேட்காமல் வெளியிலிருந்து அறிவிக்கும் புறக்கணிப்பு எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அமெரிக்கத் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் 1960களில் தாங்களே வேலைநிறுத்தம் செய்துகொண்டு, எங்களுக்காகத் திராட்சை வாங்காதீர்கள் என்று வாங்குபவர்களைக் கேட்டார்கள். 1970இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வலியைத் தாங்கப்போகிறவரே முடிவெடுத்தால் கதை வேறு.

இன்னொரு சிக்கல் ஓசிச் சவாரி. அதாவது, கஷ்டத்தில் பங்கெடுக்காமல் பலனில் மட்டும் பங்கு கிடைப்பது. சம்பளம் உயர்ந்தால் எல்லோருக்கும் உயரும், நான் ஒருத்தி வாங்கியதால் என்ன கெட்டுவிடும் என்று ஒவ்வொருவரும் நினைக்கலாம். ஹார்லெம் போன்ற இடங்களில் கடை வாசலில் தெரிந்த முகங்கள் நின்றன, உள்ளே போனால் அக்கம்பக்கத்தில் பேச்சு வரும். நாடு முழுக்கப் பெண்கள் என்று சொல்லும்போது அந்தக் கூச்சம் வேலை செய்யாது. பெண்கள் ஒரே கட்சியும் இல்லை, ஒரே வர்க்கமும் இல்லை.

வாங்கிக் காட்டுவது

திருப்பிவிடுவதன் மறுபக்கம், நல்ல முதலாளியைத் தேடிப் போய் வாங்குவது. இதன் பழைய உதாரணம் இன்றைய விவாதங்களில் வருவதே இல்லை. 1891இல் ஜோசபின் ஷா லோவல் தலைமையில் நியூயார்க் நுகர்வோர் சங்கம் தொடங்கியது. உறுப்பினர்கள் வசதியான பெண்கள். கடைகளில் வேலை செய்த பெண்கள் நாள் முழுக்க நின்றே கிடந்ததையும் அவர்களுடைய அற்பச் சம்பளத்தையும் தொழிலாளப் பெண்களின் அமைப்பு ஒன்று விசாரித்து வெளியே கொண்டுவந்ததிலிருந்து இது பிறந்தது. மோசமான கடைகளின் பெயரைப் போட்டால் சட்டச் சிக்கல் வரும். அதனால் நல்ல கடைகளின் "வெள்ளைப் பட்டியல்" போட்டார்கள். பட்டியலில் இடம்பெற நிபந்தனைகள் இருந்தன: பால் வேறுபாடு இல்லாமல் சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம், அனுபவமுள்ள பெண்ணுக்கு வாரம் குறைந்தது 6 டாலர், உட்கார இருக்கை, அதில் உட்கார அனுமதி. கடைசி இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. சட்டத்துக்காக நாற்காலி போட்டுவிட்டு உட்காரக் கூடாது என்று சொல்லும் கடைகள் இருந்தன.

முதல் பட்டியலில் மிகச் சில கடைகளே தேறின. வருடங்கள் போகப் போக அது நீண்டது.

இன்றைக்கு அப்படி ஒரு பட்டியலுக்கான மூலப்பொருள் சில நாடுகளில் கையிலேயே இருக்கிறது. பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் ஊதிய இடைவெளியை வருடந்தோறும் வெளியிட வேண்டும் என்று 2017இல் விதி வந்தது. முதல் சுற்றில் 10,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கணக்குக் காட்டின. ஏறக்குறைய பத்தில் எட்டு இடங்களில் ஆண்களின் நடுமட்டச் சம்பளம், அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையது, பெண்களுடையதைவிட அதிகம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஒரு கடையின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம்.

பார்க்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பில் போட நூறு பெண்களைப் புதிதாக வேலைக்கு எடுக்கும் கடையின் இடைவெளி அந்த வருடம் கூடும். அதே வேலையை வெளி ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிடும் கடையின் இடைவெளி குறையும், அந்தப் பெண்கள் அதன் கணக்கிலேயே வரமாட்டார்கள். எண்ணை மட்டும் பார்த்துப் பணத்தைத் திருப்பிவிட்டால், வேலை கொடுத்தவர் தண்டனை வாங்கிக்கொள்வார்.